ஹாலில் வரும் தூக்கம் கட்டிலில் ஏன் வருவதில்லை?

கேள்வி: எனக்கு 44 வயது. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். போன வருடம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இரண்டு மாதம் ராத்திரியில் அவரைப் பார்த்துக்கொள்ள நான்தான் எழுந்துகொண்டிருந்தேன். இப்போது வாக்கர் வைத்து அவரே நடக்கிறார். என் தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறேன். பன்னிரண்டரை வரை, சில நாள் ஒரு மணி வரை, புரண்டு புரண்டு படுக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்தால்தான் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டிவிட்டு வேலைக்குக் கிளம்ப முடியும். இத்தனைக்கும் எட்டரை மணிக்கு ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்தால் தலை தொங்கிவிடுகிறது. “போய்ப் படும்மா” என்று மகள் எழுப்புவாள். கட்டிலுக்குப் போனால் கொட்டக் கொட்ட முழிப்பு. பக்கத்தில் கணவர் படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுவார். பக்கத்து வீட்டு அக்கா அல்பிரசோலம் மாத்திரையில் பாதி கொடுத்தார். நாலைந்து நாள் போட்டேன், நன்றாகத் தூங்கினேன். பழகிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். தூக்கம் குறைந்தால் மறதி நோய் வரும், மாரடைப்பு வரும் என்று போனில் வீடியோ வருகிறது. அதைப் பார்த்ததிலிருந்து இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்குகிறேன், மதியமும் இரண்டு மணி நேரம் படுக்கிறேன். அப்படியும் சோர்வு போகவில்லை. என் மூளையில் ஏதாவது கோளாறா? மாத்திரையைத் தொடரலாமா?

– ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

எட்டரை மணிக்கு ஹாலில் தலை தொங்குகிறது, கட்டிலுக்குப் போனால் முழிப்பு என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அந்த இடம்தான். தூங்கும் திறனே போய்விட்டவருக்கு டிவி முன்னால் தலை தொங்காது. உங்கள் மூளைக்குத் தூங்கத் தெரிகிறது. கட்டிலில் தூங்குவதுதான் மறந்துபோயிருக்கிறது. அதைத் திரும்பப் பழக்கிவிடலாம், அதற்குத் தெளிவான வழி இருக்கிறது. அதனால் மூளைக் கோளாறு என்ற பயத்தை முதலில் விடுங்கள். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்பதையும், இன்னும் ஏன் தொடர்கிறது என்பதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஆர்தர் ஸ்பீல்மேன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதைப் பிரித்துக் காட்டினார். சிலருக்கு இயல்பிலேயே லேசான தூக்கம். அப்புறம் ஒரு நாள் ஏதோ ஒன்று நடந்து தூக்கத்தைக் கெடுக்கும்: பிரசவம், கடன், சாவு, ஆபரேஷன். அந்தச் சம்பவம் முடிந்த பிறகும் தூக்கம் வராமல் இருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் தூக்கத்தைத் திரும்பக் கொண்டுவர நாம் செய்கிற காரியங்கள்தான். உங்கள் மாமியார் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் தொடங்கிய சில பழக்கங்கள் அப்படியே தங்கிவிட்டன. ஆபரேஷனுக்கு முன்னால் எத்தனை மணிக்குப் படுப்பீர்கள் என்று எழுதவில்லை. பத்தரை, பதினொன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். தூக்கம் போதவில்லையே என்று ஒன்பதரைக்கு மாற்றியிருப்பீர்கள். யாரும் செய்கிற காரியம்தான். ஆனால் பிரச்சினையைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

தூக்கம் வருவதற்கு உடம்பில் இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். சுவிட்சர்லாந்து விஞ்ஞானி அலெக்சாண்டர் போர்பேய் 1982-இல் இதை விளக்கினார், இன்றைக்கும் தூக்க மருத்துவம் அதன் மேல்தான் நிற்கிறது. முதல் விஷயம் பசி மாதிரி. கண் விழித்த நொடியிலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். சேரச் சேரத் தூக்கத்துக்கான பசி கூடும், தூங்கும்போது அது கரையும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பஜ்ஜி சாப்பிட்டால் தட்டில் கை போகாது அல்லவா? எட்டரை மணிக்கு நீங்கள் டிவி முன்னால் கண்ணயரும் இருபது நிமிடம் அந்த பஜ்ஜிதான். ஞாயிறு மதியத்துக் குட்டித் தூக்கம் ஒரு முழு டிபன்.

இரண்டாவது, உடம்பின் கடிகாரம். இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் சிறு செல் கூட்டம் ஒன்று இருக்கிறது. எப்போது விழிப்பு, எப்போது தூக்கம் என்று உடம்பு முழுவதற்கும் நேரம் சொல்வது அது. இப்படிப்பட்ட கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இதில் உங்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. வழக்கமாகத் தூக்கம் பிடிக்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில், இந்தக் கடிகாரம் உடம்பைத் தூங்கவிடாமல் நன்றாக விழிக்க வைத்திருக்கும். உங்களுக்கு இப்போது தூக்கம் பிடிப்பது பன்னிரண்டரைக்கு. அப்படியானால் ஒன்பதரைக்கு நீங்கள் படுப்பது, உடம்பு தூங்க மறுக்கிற நேரம் பார்த்து. போதாக்குறைக்கு ஞாயிறு காலை எட்டு மணி வரை தூங்குவது அந்தக் கடிகாரத்தை இன்னும் தாமதமாக்கும். ஞாயிறு ராத்திரி மற்ற நாட்களைவிட மோசமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பலருக்கு அப்படித்தான் இருக்கும்.

இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் உங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. ஒரு வருடமாக, தினமும் மூன்று மணி நேரம், அதே கட்டிலில் விழித்தபடி கவலைப்பட்டிருக்கிறீர்கள். “இன்றைக்காவது வருமா, நாளைக்கு மாசக் கடைசி, கணக்கு முடிக்கணுமே, தலை வலிக்குமே” என்று அந்தத் தலையணையில் தலை வைத்த ஒவ்வொரு ராத்திரியும் நெஞ்சு படபடத்திருக்கிறது. உடம்பு அதைப் பாடமாகப் படித்துக்கொண்டுவிட்டது. கட்டில் என்றால் முழிப்பு, கட்டில் என்றால் பயம். ஹாலில் அந்தப் பாடம் இல்லை, அதனால் அங்கே தலை தொங்குகிறது. இப்படிப்பட்டவர்களில் பலர் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால், பஸ்ஸில் ஏறினால், தரையில் பாய் விரித்தால் சட்டென்று தூங்கிவிடுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு பழைய நோட்டை எடுங்கள். ஒரு வாரத்துக்கு, தினமும் காலையில் காபி குடிக்கும்போது நான்கு விஷயம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தேன், ஏறத்தாழ எப்போது தூங்கியிருப்பேன், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன். ராத்திரியில் மணி பார்த்து எழுத வேண்டாம். காலையில் குத்துமதிப்பாக எழுதினால் போதும். எழுத ஆரம்பித்ததுமே சிலருக்குப் பயம் பாதி குறையும். பொட்டுத் தூக்கம் இல்லை என்று நினைத்த ராத்திரியிலும் நாலரை மணி நேரம் தூங்கியிருப்பது நோட்டில் தெரியும்.

உங்கள் கடிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், கட்டிலில் இருப்பது எட்டு மணி நேரம், தூங்குவது ஐந்து மணி நேரம். நோட்டிலும் இதே சராசரி வந்தால், அதோடு அரை மணி சேர்த்து ஐந்தரை மணி நேரம் மட்டும் கட்டிலுக்கு ஒதுக்குங்கள். எழும் நேரம் ஐந்தரை என்பதை மாற்ற முடியாது, அதனால் படுக்கும் நேரம் நள்ளிரவு பன்னிரண்டு. படித்ததும் உங்களுக்குத் திகைப்பாக இருக்கும். தூக்கம் வரவில்லை என்று கேட்டால் குறைவாகப் படு என்கிறாரே என்று தோன்றும். ஆனால் இதுதான் சிகிச்சையின் மையம். கட்டிலில் விழித்துக் கிடக்கும் மூன்று மணி நேரத்தை எடுத்துவிட்டால், தூக்கத்துக்கான பசி பன்னிரண்டு மணிக்கு முழுசாகச் சேர்ந்திருக்கும். படுத்ததும் தூக்கம் வர ஆரம்பிக்கும். நாலு நாள் அப்படி வந்தால் கட்டில் என்றால் தூக்கம் என்ற பழைய பாடம் திரும்பி வரும்.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு நோட்டைப் பாருங்கள். கட்டிலில் இருந்த நேரத்தில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் தூங்கியிருந்தால், அதாவது ஐந்தரை மணி நேரத்தில் நாலு மணி நாற்பது நிமிடமாவது தூங்கியிருந்தால், படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னால் கொண்டுவாருங்கள். பதினொன்றே முக்கால். அடுத்த வாரமும் சரியாக இருந்தால் பதினொன்றரை. இப்படியே வந்தால் ஐந்தாறு வாரத்தில் பத்தே முக்காலுக்கோ பதினொன்றுக்கோ வந்து நிற்பீர்கள். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் ஒரு மணி நேரம் முன்னால் போகாதீர்கள். கணக்கு என்ன வந்தாலும் கட்டில் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே குறைக்கவும் கூடாது.

முதல் பத்து நாள் கஷ்டமாக இருக்கும், இதை மறைக்க விரும்பவில்லை. பகலில் கண் சொருகும். வேலைக்கு ஸ்கூட்டரில் போகிறவர் என்றால் அந்த நாட்களில் பஸ்ஸில் போங்கள், அல்லது கணவரைக் கொண்டுவிடச் சொல்லுங்கள். வண்டியில் போகும்போது ஒரு நொடி கண்ணயர்ந்தாலும் ஆபத்து. மாசக் கடைசியில், வருடக் கணக்கு முடிக்கும் சமயத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். அப்புறம், வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனை மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், தூக்கத்தில் எழுந்து நடப்பவர்கள், கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த முறையைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது. அவர்களுக்கு மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எட்டரையிலிருந்து பன்னிரண்டு வரை விழித்திருப்பதுதான் பெரிய சவால். டிவி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் தோற்றுவிடுவீர்கள். நின்றுகொண்டோ கை வேலை செய்துகொண்டோ இருக்க வேண்டும். மறுநாள் காய்கறி நறுக்கி வைக்கலாம், துணி மடிக்கலாம், இஸ்திரி போடலாம், பூ தொடுக்கலாம், கணவரோடு தெருவில் ஒரு நடை போய் வரலாம். மகளிடமும் சொல்லிவையுங்கள். தலை தொங்கினால் “போய்ப் படு” என்று சொல்லாமல், “எழுந்து நில்லும்மா” என்று சொல்லச் சொல்லுங்கள்.

பன்னிரண்டுக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை என்றால்? ஏறத்தாழ இருபது நிமிடம் ஆனது போலத் தோன்றினால், அல்லது அதற்கு முன்பே எரிச்சல் தலைதூக்கினால், கட்டிலை விட்டு எழுந்துவிடுங்கள். 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் வகுத்த முறை இது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்ப வேண்டும். திரும்பியும் வராவிட்டால் மறுபடி எழுந்துவிட வேண்டும். கட்டிலில் போன் கூடாது, கணக்கு கூடாது, மறுநாள் திட்டம் கூடாது. தூக்கமும் தாம்பத்தியமும் மட்டும்.

ஆங்கிலப் புத்தகங்களில் வேறு அறைக்குப் போங்கள் என்று எழுதியிருப்பார்கள். நம் வீடுகளில் வேறு அறை ஏது? ஹாலில் மாமியார் படுத்திருப்பார், இன்னொரு அறையில் மகள் இருப்பாள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் சமையலறையில் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள். குறைந்த வெளிச்சமுள்ள சின்ன விளக்கு போதும். அதுவும் முடியாத வீட்டில், கட்டிலை விட்டு இறங்கிச் சுவரோரம் பாயில் முதுகு சாய்த்து உட்காரலாம். கட்டிலில் இல்லை என்பதுதான் முக்கியம். அங்கே என்ன செய்வது? ஏற்கெனவே படித்த வாரப் பத்திரிகை, ஜெபமோ சுலோகமோ, ஸ்வெட்டர் பின்னுவது, எதுவானாலும் விறுவிறுப்பு இல்லாததாக இருக்கட்டும். பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடாதீர்கள். வேலை முடிந்த திருப்திக்காகவே மூளை தினமும் அந்த நேரத்தில் எழுப்பும்.

சுவர்க் கடிகாரத்தைப் படுக்கையறையிலிருந்து கழற்றிவிடுங்கள். போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு சின்ன அலாரம் கடிகாரம் வாங்கி, முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். மணி பார்ப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்றால், 11.40 என்று பார்த்ததும் மனம் கழித்தல் கணக்குப் போடுகிறது: இப்போது தூங்கினாலும் ஐந்து மணி ஐம்பது நிமிடம்தான். 12.15, ஐந்தேகால். ஒவ்வொரு கணக்குக்கும் இதயத் துடிப்பு கொஞ்சம் கூடும். உங்களுக்குக் கணக்குப் பிரிவில் வேலை, இந்தக் கழித்தல் இன்னும் வேகமாக நடக்கும். பார்க்க மணியே இல்லாமல் செய்துவிடுவதுதான் சுலபமான வழி.

காபி பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஆனால் சோர்வோடு மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர் காபியோ டீயோ குடிக்காமல் இருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். நான் சொன்ன அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காபியில் உள்ள காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். பசி இருக்கும், ஆனால் பசி தெரியாது. குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த கெட்டி டிகாக்‌ஷனில் பாதி பதினொரு மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். சிலர் ராத்திரி காபி குடித்துவிட்டும் தூங்குவார்கள். காஃபீனை வெளியேற்றும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும், அவர்களைப் பார்த்து நாம் முடிவு செய்ய முடியாது. மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி, டீ, கோலா எதுவும் வேண்டாம். மாலையில் கை சும்மா இருக்காது என்றால் சுக்கு மல்லிக் காபி குடியுங்கள். காபித்தூள் சேர்க்காமல் போட்டால் அதில் காஃபீன் கிடையாது.

தலையணையில் தலை வைத்ததும் நாளைய டிபன், கரண்ட் பில், மகளின் பீஸ் எல்லாம் வரிசை கட்டி வரும் என்று எத்தனையோ பெண்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பகல் முழுக்க யாருக்காவது எதையாவது செய்துகொண்டே இருப்பவருக்கு, தன் மனதோடு தனியாக இருக்கக் கிடைக்கும் முதல் நேரம் அதுதான். அந்த வேலையை ஏழு மணிக்கு மாற்றுங்கள். கால் மணி நேரம் உட்கார்ந்து, மனதில் ஓடுவதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாளைக்குச் செய்யக்கூடிய முதல் காரியத்தை எழுதுங்கள். படுக்கும் முன்னும் ஐந்து நிமிடம், மறுநாள் வேலைப் பட்டியல் மட்டும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-இல் வெளியானது. அன்று செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதைப் பட்டியல் போட்டவர்கள் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்பே தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான், செலவில்லாத வழி என்பதால் சொல்கிறேன்.

தூக்கத்தை வரவழைக்க முயற்சி செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முயற்சி செய்யச் செய்ய அது தள்ளிப் போகும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்ச நேரம் முழித்திருக்கலாம், பரவாயில்லை” என்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். வந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் விட்டுப்போகும் அந்த இடத்தில்தான் கண் செருகும்.

உடம்பின் உள்சூடு குறையும்போது தூக்கம் எளிதாக வரும். படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால், தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்சூடு வெளியேறும். கரூர் வெயிலுக்குக் கோடையில் மொட்டை மாடியும் பாயும் கட்டில் மெத்தையைவிட நல்லது. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடும் வழக்கம் இருந்தால் விடாதீர்கள். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் கண்ணில் படும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். ஐந்தரைக்கு இன்னும் இருட்டாக இருந்தால், விடிந்த பிறகு ஒரு பத்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். ஞாயிறும் ஐந்தரை, ஐந்தே முக்காலுக்கே எழுங்கள், மதியம் படுக்க வேண்டாம். ஆறு வாரத்துக்குத்தான் இந்தக் கண்டிப்பு.

அந்த வீடியோக்களைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவை உங்களைப் போன்றவர்களுக்குச் செய்யும் கெடுதலை நான் தினமும் பார்க்கிறேன். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் நல்லது என்பது உண்மை. ஆனால் ஆளுக்கு ஆள் தேவை வேறுபடும், எட்டு மணி நேரம் என்பது எல்லாருக்கும் சட்டம் இல்லை. குறைந்த தூக்கத்துக்கும் மறதி நோய், இதய நோய்க்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள், பல ஆண்டு வாழ்க்கையைக் கூட்டமாகப் பார்த்துச் சொல்பவை. எது காரணம், எது விளைவு என்று அவற்றை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. நேற்று ராத்திரி நாலு மணி நேரம் தூங்கிய கரூர்ப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அவை சொல்லவில்லை. இன்னொன்று, தூக்கம் குறையும்போது உடம்பு ஆழ்ந்த தூக்கத்தைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். அது இரவின் முதல் பகுதியிலேயே பெரும்பாலும் வந்துவிடும். உங்கள் ஐந்து மணி நேரத்திலும் அது இருக்கிறது. பயமுறுத்தும் வீடியோ வந்தால் பார்க்காமல் தள்ளிவிடுங்கள்.

இப்போது மாத்திரை. நாலைந்து நாள் பாதி போட்டதில் பயப்பட ஒன்றுமில்லை, நீங்களாக நிறுத்தியதும் சரி. அல்பிரசோலம் தூக்கம் தரும், சந்தேகமில்லை. தினமும் சில வாரம் போட்டால் மூளை அதற்குப் பழகும், அதே அளவு போதாமல் போகும். நிறுத்தினால் முன்பைவிட மோசமான முழிப்பும் பதற்றமும் வரும், அதற்குப் பயந்தே மறுபடி போடுவார்கள். அதன் தாக்கம் காலையிலும் இருக்கும், வண்டி ஓட்டுகிறவருக்கு ஆபத்து. வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போக எழும்போது தடுமாறி விழுவதற்கு இப்படிப்பட்ட மாத்திரைகளும் ஒரு காரணம், உங்கள் மாமியாருக்கு யாராவது கொடுத்தால் தடுத்துவிடுங்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கவே கூடாத மருந்து இது. பக்கத்து வீட்டு அக்கா பல மாதமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்தால், என் பதிலைப் படித்துவிட்டு அவர் திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரும் அபாயம் உண்டு. மருத்துவரிடம் போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை போட்டுத் தூங்குவதும் நல்ல வழி இல்லை, மறுநாள் மந்தம்தான் மிஞ்சும். பாலில் ஜாதிக்காய் போட்டுக் குடிக்கச் சொல்லி உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு சிட்டிகையோடு நிற்க வேண்டும். ஸ்பூன் கணக்கில் போட்டால் வாந்தி, படபடப்பு, மனக்குழப்பம் வரை கொண்டுபோய்விடும். மது குடித்தால் தூக்கம் வருகிறதே என்று கேட்கும் வாசகர்களுக்கு: வரும், இரவின் பின்பாதியில் உடைத்தும் விடும்.

தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை அல்ல, நான் மேலே சொன்ன முறைகளையெல்லாம் சேர்த்த நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது.

சில விஷயங்களை மட்டும் மருத்துவரிடம் காட்டிப் பார்த்துவிட வேண்டும். சாயங்காலம் ஆனால் கால்களில் ஏதோ ஊர்வது போல, குடைவது போல இருந்து, ஆட்டினால்தான் சுகம் என்று தோன்றுகிறதா? அப்படியானால் ரத்தத்தில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்க வேண்டும். மாதவிலக்கு தள்ளிப்போய், ராத்திரியில் திடீரென்று உடம்பு கொதித்து வேர்க்கிறதா? 44 வயதில் அது ஆரம்பிக்கலாம், அதற்குத் தனி மருத்துவம் உண்டு. எடை குறைந்து, கை நடுங்கி, படபடப்பாக இருந்தால் தைராய்டு. தினமும் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக வருகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். வாழ்ந்து என்ன என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

உங்கள் கணவரையும் கவனியுங்கள். படுத்த ஐந்து நிமிடத்தில் குறட்டை விடுவதைப் பார்த்து ஏக்கமாக எழுதியிருக்கிறீர்கள். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, சில நொடி மூச்சே இல்லாமல், பிறகு திணறி இழுத்து மூச்சு விடுகிறாரா? பகலிலும் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறாரா? அப்படியென்றால் அது நல்ல தூக்கம் இல்லை, தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம். ரத்த அழுத்தத்தோடும் தொடர்புள்ளது. உங்களுக்கு முன்னால் அவரைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ நுரையீரல் மருத்துவரிடமோ அழைத்துப் போக வேண்டியிருக்கும். ஆரோக்கியமாகத் தூங்குகிறவருக்கே படுத்த பிறகு பத்து, இருபது நிமிடம் ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மாற்றம் தெரிய ஆரம்பிக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் கெட்டுப்போகும், அதற்காக மறுநாள் சீக்கிரம் படுக்காதீர்கள், அதே நேரம்தான். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் அரை மணிக்கு மேல் முழித்துக் கிடக்கிறீர்கள் என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அந்த நோட்டைக் கையோடு எடுத்துப் போய், மருத்துவர் கேட்கும் முன்பே மேஜையில் வையுங்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டைவிட அவருக்கு முதலில் அதுதான் தேவைப்படும்.